மூர் அங்காடியும் புறநகர் முனையமும்

இருப்புப்பாதை நிலையங்களுள் வழியிடை நிலையம், சந்திப்பு, முனையம் என மூவகை உண்டு. வண்டி நின்று செல்வது வழியிடை நிலையம். பாதைகள் பிரிவதும் கூடுவதும் சந்திப்பு. பாதை முற்றுப்பெறுவது முனையம். போர்க்களத்தையும் பகைப்புலத்தையும் நுனியையும் குறித்த 'முனை' என்னும் பழஞ்சொல்லிலிருந்து இக்காலத்தார் ஆக்கிக்கொண்ட இச்சொல், 'டெர்மினஸ்' என்னும் அயற்சொல்லுக்கு நேராக நன்கு பொருந்தி நிற்கின்றது. சென்னை சென்ட்ரல் நிலையத்தின் மேற்புறத்தே அமைந்து, 'மூர் மார்க்கெட் வளாகம்' என்று பெயர் பெற்ற புறநகர் முனையத்தின் அமைப்பும் வரலாறும் ஈண்டு ஆராயப்பெறுகின்றன. இதனைச் சென்ட்ரல் நிலையத்தின் ஒரு சிறகென்றே பலரும் கருதுவர். அக்கருத்து முற்றும் பொருந்தாது என்பது எம் துணிபு.

முதற்கண் காலமுறையைக் காண்போம். தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை திறக்கப்பெற்றது. (கொல்லிமலையின் அடிவாரத்து நாமக்கல்லுக்குப் பயணியர் வண்டி வந்தது 2013இல்தான் என்பதை நோக்கின், ஒரே நாட்டினுள் இருப்புப்பாதையின் வயது இடத்துக்கிடம் எத்துணை வேறுபடுகின்றது என்பது விளங்கும்.) சென்ட்ரல் நிலையம் 1873இலும் எழும்பூர் நிலையம் 1908இலும் எழுந்தன. நகரினுள் நாள்தோறும் வேலைக்குச் சென்று மீள்வோர்க்கென மின்வண்டி ஓடத்தொடங்கியது 1931 மே 11ஆம் நாள். அது கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்ப் பாதையில் ஓடியது. வடக்கிலும் மேற்கிலும் சென்ற அகலப்பாதைப் பயணியர்க்கோ நெடுங்காலம் தனி முனையம் வாய்க்கவில்லை. கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூர்க்கும் செல்வோர், தொலைதூர வண்டிகள் நிற்கும் சென்ட்ரல் நிலையத்தையே நம்பியிருந்தனர்.

நெடுவழிப் பயணமும் அன்றாடப் பயணமும் இயல்பால் வேறானவை. நெடுவழிப் பயணி மூட்டை முடிச்சுகளுடன் முன்னதாக வந்து காத்திருப்பார். அவரை வழியனுப்பச் சுற்றத்தாரும் வருவர். அன்றாடப் பயணியோ, வண்டி புறப்படும் நொடியில் நடைமேடையை அடைவார், இறங்கியவுடன் வெளியேறிவிடுவார். இவ்விரு கூட்டமும் ஒரே வாயிலிற் கலப்பின் இடர்ப்பாடே மிகும். பம்பாயில் பழைய விக்டோரியா முனையத்திலும் இதுபற்றியே புறநகர் வண்டிகளுக்கும் தொலைதூர வண்டிகளுக்கும் நடைமேடைகள் வேறுவேறாக வகுக்கப்பட்டன.

இனி அமைப்பு. சென்ட்ரலை நோக்கி வரும் பாதைகள் யாவும் வடக்கே பேசின் பிரிட்ஜ் வழியாக இறங்கித் தெற்கே பூவிருந்தவல்லி நெடுஞ்சாலைக்கு எதிரே முட்டி நிற்கின்றன. புறநகர் முனையத்தின் ஐந்து நடைமேடைகளும் அவ்வாறே வடதெற்காக நீண்டு, தென்முனையில் ஒரு குறுக்குக் கூடத்தில் வந்து சேர்கின்றன. முட்டுமுனையின் நன்மை, பயணி பாலம் ஏறாமலே எந்நடைமேடைக்கும் செல்லலாம் என்பது. அதன் குறை, வந்த வண்டி வந்த வழியே திரும்பவேண்டும் என்பது. நீராவி எஞ்சின் காலத்தில் எஞ்சினைக் கழற்றி, வேறு பாதையாற் சுற்றி, மறுமுனையிற் பூட்டவேண்டியிருந்தது. மின்தொடர் வண்டியோ இருமுனையிலும் ஓட்டுநர் அறை உடையது. ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும். முட்டுமுனை நிலையம் புறநகர்ப் போக்குவரவுக்கு ஏற்றதாயினமைக்கு இதுவே முதற்காரணம். புகை ஒழிந்து பல்லாண்டு கழிந்த பின்னும் எழுத்துத்தமிழ் 'புகைவண்டி' என்பதைக் கைவிடவில்லை. பேச்சுத்தமிழ் எப்போதோ 'மின்சார ரயில்' என்று திருத்திக்கொண்டது.

இனி, இம்முனையம் எழுந்த நிலத்தின் வரலாறே நம் போன்றோர் கருதத்தக்கது. பிராட்வேயில் இருந்த பாப்பம் அங்காடிக்கு மாற்றாக, மாநகராட்சித் தலைவராயிருந்த சர் சார்ச்சு மூர் என்பாரின் காலத்தே 1898இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1900இல் திறக்கப்பெற்றது மூர் அங்காடி. இந்தோ-சாரசெனிக் முறையில் செங்கல்லால் எழுந்த அக்கட்டடம், நடுவே முற்றமும் சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்களும் உடையது. அண்மையிலுள்ள விக்டோரியா மன்றத்தில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையார் நாடகம் நடித்தனர். நாடகமும் நூலும் ஒரே தெருவிற் கிடைத்த காலம் அது.

அங்காடியில் கிடைக்காத பொருள் இல்லை என்பர். எனினும், தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு அது பழநூற் கடைகளின் வரிசையே. அச்சில் இல்லாத பதிப்புகள், நின்றுபோன இதழ்களின் தொகுதிகள், மறைந்த அறிஞர் தம் கையால் ஓரக்குறிப்பு எழுதிய படிகள் ஆகியன அங்கே குவியலாகக் கிடந்தன. நூலகம் சேர்த்தவற்றுக்கு அட்டவணை உண்டு. கடையிற் குவிந்தவற்றுக்கு அட்டவணை இல்லை. இதனால், 1985 மே 30ஆம் நாள் இரவு அங்காடி தீக்கிரையானபோது எவ்வெந் நூல்கள் அழிந்தன என்று கணக்கிட வழியில்லாது போயிற்று. பதிப்பு வரலாறு எழுதுவோர் ஒரு நூலின் முதற்பதிப்பு 'கிடைத்திலது' என்று குறிக்குந்தோறும் இத்தீயையும் நினைவிற் கொள்ளுதல் தகும்.

தீக்குப் பின் அந்நிலத்தில் இருப்புப்பாதையார் பல மாடிக் கட்டடம் எழுப்பினர்; முன்பதிவு அலுவலகமும் புறநகர் முனையமும் அங்கே அமைந்தன. வணிகர் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயர்ந்தனர். பழநூற் கடைகள் சிலவும் அவர்களுடன் சென்றன. ஆனால் பழைய வளைவுகளின் கீழ் இருந்த பரப்பும் கூட்டமும் மீளவில்லை.

இதனால் சிறகு என்னும் கருத்து பொருந்தாமை புலனாகும். சென்ட்ரல் நிலையம் வளர்ந்து பக்கவாட்டில் நீண்டதன் விளைவு மட்டுமன்று இம்முனையம். வேறொரு நிறுவனத்தின் மனையில், அதன் பெயரையும் ஏற்றுக்கொண்டு, தனி நிலையக் குறியீட்டுடன் எழுந்தது. சென்ட்ரல் நிலையத்தின் பெயர் 2019இல் மாறியது. பாப்பம் பெயர் தாங்கிய பிராட்வே, பிரகாசம் சாலை ஆயிற்று. கட்டடம் எரிந்து மறைந்த பின்னும் மூரின் பெயர் நிலையப் பெயராக நிலைத்தது இடப்பெயர் ஆய்வாளர்க்குச் சுவையான சான்று. கட்டடம் நின்று பெயர் மாறுதலே பெரும்பான்மை. இங்கே பெயர் நிற்கக் கட்டடம் மறைந்தது. முனையத்தின் முன்றிலில் பழைய அங்காடியின் சிறு படிமம் ஒன்றும் பின்னர் அமைக்கப்பெற்றது. மாலை வண்டியைப் பிடிக்க விரைவோர் அதனைக் கடந்தே செல்வாராயினர்.