சிரிக்கும் முதலையின் அணியழகு

சிறுவர் பாடலுக்கு ஓசையும் நீதியும் போதும், அணி இலக்கணம் பெரியவர்களுக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் எட்டே அடிகளில் அமைந்த ஒரு முதலைப் பாட்டு இந்த எண்ணத்தை மாற்றிவிடும்.

1715ஆம் ஆண்டில் ஐசக் வாட்ஸ் என்னும் சமயப் போதகர் குழந்தைகளுக்கான பாடல் நூல் ஒன்றை வெளியிட்டார். தேனீயின் உழைப்பைக் காட்டிச் சோம்பலை விலக்கச் சொல்லும் பாடல் அதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்துப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள்.

1865இல் வெளிவந்தது 'ஆலிஸின் அற்புத உலகம்'. எழுதியவர் லூயிஸ் கரோல். ஆக்ஸ்ஃபோர்டில் கணித விரிவுரையாளர். தான் வேறு யாராகவோ மாறிவிட்டோமோ என்று ஐயுறும் ஆலிஸ், படித்தது நினைவிருக்கிறதா என்று பார்க்கத் தேனீப் பாடலை ஒப்பிக்கிறாள். வாயில் வருவதோ முதலைப் பாட்டு! நைல் நதி நீரைப் பொன்னிறச் செதில்கள்மீது ஊற்றி, வாலைப் பளபளப்பாக்கிக்கொள்ளும் முதலை, சின்னஞ்சிறு மீன்களைப் புன்னகையோடு வாய்க்குள் வரவேற்கிறது.

இதில் மூன்று நயங்களைக் காணலாம். முதலாவது பகடி. எட்டும் ஆறுமாக அசைகள் மாறிவரும் பழைய சந்தமும், ஒன்றுவிட்ட அடிகளின் இறுதியில் வரும் இயைபும் அப்படியே இருக்கின்றன. பொருள் மட்டும் தலைகீழாகிறது. மூலப்பாடல் தெரிந்த பிள்ளைக்குச் சிரிப்பு இரட்டிப்பாகும். இரண்டாவது, நம் இலக்கணம் கூறும் வஞ்சப்புகழ்ச்சி. கயவர்களைத் தேவர்களுக்கு ஒப்பிட்ட வள்ளுவரைப் போலவே, கரோலும் முதலையைப் புகழ்ந்தே அதன் கொடுமையைக் காட்டுகிறார். மூன்றாவது தற்குறிப்பேற்றம். முதலைத் தாடையின் இயல்பான வளைவைக் கவிஞர் விருந்தோம்பும் புன்னகையாக்கிவிடுகிறார்.

இதனால் பிள்ளைக்கு என்ன பயன்? உழைக்கச் சொல்லும் அறிவுரை நல்லதுதான். ஆனால் இனிக்கப் பேசுபவரின் உள்நோக்கத்தை உணரும் அறிவும் பிள்ளைக்கு வேண்டுமல்லவா? அதை முதலை சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுக்கிறது. இன்று பலர் தேனீப் பாடலை அறிவதே இந்த முதலையின் வழியாகத்தான்.

ஆகவே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, அணிகளின் பெயர்களை மட்டும் மனனம் செய்ய வைத்தால், பழைய ஒப்பித்தலையே வேறு உருவில் தொடர்கிறோம். "உனக்கு ஏன் சிரிப்பு வந்தது?" என்று முதலில் கேளுங்கள். அணியின் பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.