கப்பலில் பந்தி

கப்பலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்பதெல்லாம் டைட்டானிக்கோடு மூழ்கிப்போன சங்கதி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேர்தான் போயிற்று, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் பெரிய உல்லாசக் கப்பல்களில் நீங்கள் எந்தக் கேபினுக்குப் பணம் கட்டினீர்களோ, அதைப் பொறுத்துத்தான் எந்தச் சாப்பாட்டு அறையில் உட்காரலாம் என்பது முடிவாகும். மற்ற அறைகளின் கதவு உங்களுக்குத் திறக்காது. இது எப்படி வந்தது, நடுவில் எப்படி மறைந்தது, மறுபடி எப்படி முளைத்தது என்பது ரசமான கதை. கொஞ்சம் சோகமான கதையும்கூட.

ஆரம்பத்தில் பணக்காரனுக்கே கப்பலில் நல்ல சாப்பாட்டு அறை கிடையாது. குனார்டு கம்பெனியின் முதல் அட்லாண்டிக் தபால் கப்பல் 'பிரிட்டானியா'. 1840-ல் ஓட ஆரம்பித்தது. பாலுக்காகக் கப்பலிலேயே ஒரு பசுமாட்டைக் கட்டி வைத்திருந்தார்கள். 1842 ஜனவரியில் அதில் அமெரிக்கா போனவர் சார்லஸ் டிக்கன்ஸ். அதன் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் வைத்த பெரிய பிணவண்டி மாதிரி இருக்கிறது என்று எழுதிவைத்தார். நீளமான மேஜை, ஆடும் விளக்கு, கடல் கொந்தளித்தால் மடியில் வந்து விழும் தட்டு. முதல் வகுப்பின் லட்சணமே அப்படி.

அடித்தட்டில் போனவர்களின் பாடு சொல்ல வேண்டாம். பாய்மரக் கப்பல் காலத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஏழைகள் அரிசி, மாவு, பாத்திரம் எல்லாம் தாங்களே கட்டிக்கொண்டு போய், தளத்தில் இருக்கும் அடுப்புக்கு முறை போட்டுக் காத்திருந்து சமைத்துக்கொள்ள வேண்டும். புயலடித்தால் அடுப்பு கிடையாது, அன்றைக்குப் பட்டினி. பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்ட பிறகுதான் கப்பல்காரர்கள் படிப்படியாகச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்சி மாறியது. மாற்றியவர் ஆல்பர்ட் பாலின் என்ற ஜெர்மானியர், ஹாம்பர்க்-அமெரிக்கா கப்பல் கம்பெனியின் தலைவர். லண்டனில் சேஸர் ரிட்ஸ் நடத்திய ஓட்டலில் சாப்பிட்டுப் பார்த்து அசந்துபோனவர், அதே மாதிரி ஒன்றைக் கடலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1905-ல் வந்த 'அமெரிக்கா' என்ற கப்பலில் ரிட்ஸ் பெயரிலேயே ஒரு ரெஸ்டாரண்ட் வைத்துவிட்டார். சமையலறை ஏற்பாடு எஸ்கோஃபியேயின் யோசனைப்படி. ரிட்ஸின் ஓட்டலில் பேர் வாங்கிய அதே சமையல்காரர்தான்.

இதில் புதுமை என்ன தெரியுமா? அதுவரை டிக்கெட்டிலேயே சாப்பாடு அடக்கம். மணி அடித்தால் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, வருவதைச் சாப்பிட வேண்டும். கல்யாணப் பந்தி மாதிரி. இந்தப் புது ரெஸ்டாரண்டில் நினைத்த நேரத்துக்கு வரலாம், அட்டையைப் பார்த்து வேண்டியதைக் கேட்கலாம், தனியாகப் பணம் கொடுக்கலாம். ஆனால் முதல் வகுப்புப் பயணி மட்டும்தான். அதாவது, முதல் வகுப்புக்குள்ளேயே இன்னொரு மேல்வகுப்பு! மனுஷ புத்தி எப்படிப் போகிறது பாருங்கள்.

ஒயிட் ஸ்டார் கம்பெனி இதைப் பார்த்து ஒலிம்பிக்கில் ஒன்று வைத்தது. அது நன்றாக ஓடவே, அடுத்து வந்த டைட்டானிக்கில் அதையே பெரிதாக்கினார்கள். டைட்டானிக்கில் முதல் வகுப்புக்கென்று டி தளத்தில் கப்பலின் முழு அகலத்துக்கும் ஒரு சாப்பாட்டுக் கூடம் இருந்தது. ஒரே நேரத்தில் 500 பேருக்கு மேல் உட்காரலாம். அது போதாதென்று மேலே பி தளத்தில், வால்நட் பலகை அடித்து, பிரெஞ்சு ராஜாக்கள் காலத்து அலங்காரத்தில் இந்த ரெஸ்டாரண்ட். கீழ்க் கூடத்துச் சாப்பாடே வேண்டாம், பயணம் முழுக்க மேலேயே சாப்பிடுகிறேன் என்று முன்கூட்டிச் சொல்பவருக்கு டிக்கெட் கட்டணத்தில் கொஞ்சம் கழிவும் உண்டு.

இரண்டாம் வகுப்புக்குத் தனிக் கூடம். ஆனால் சமையல் முதல் வகுப்புக்குச் சமைத்த அதே அடுக்களையில்தான். மூன்றாம் வகுப்புக்கு எஃப் தளத்தில் வெள்ளை அடித்த கூடம், இரண்டு பந்தி. மத்தியானம்தான் பெரிய சாப்பாடு. கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு அரிசி சூப்பும், வறுத்த மாட்டிறைச்சியும், பிளம் புட்டிங்கும் போட்டிருக்கிறார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஊரில் அரைவயிறு சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, மேஜையில் உட்காரவைத்து ஒரு ஆள் பரிமாறுவது வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருந்திருக்கும். வகுப்புகளைத் தனித்தனியாகப் பூட்டி வைத்ததற்குக் கம்பெனியின் பணக்காரப் புத்தி மட்டும் காரணமில்லை. தொற்றுநோய் பயத்தால், குடியேற வருகிறவர்களை மற்றப் பயணிகளோடு கலக்கவிடக் கூடாது என்பது அமெரிக்கக் குடியேற்றச் சட்டம்.

1912 ஏப்ரல் 14 இரவு, அந்த மேல்தள ரெஸ்டாரண்டில் பிலடெல்ஃபியாவின் கோடீஸ்வரர் வைடனர் குடும்பம் கேப்டன் ஸ்மித்துக்கு விருந்து வைத்தது. அந்த விருந்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாயிற்று. பரிமாறியவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

ரெஸ்டாரண்டை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தியவர் லூயிஜி காட்டி என்ற இத்தாலியர். சமையல்காரர், சர்வர், தட்டு கழுவுபவர் என்று அவரையும் சேர்த்து 70-க்குச் சற்றுக் குறைவான பேர். பெரும்பாலும் இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும். இவர்கள் காட்டியின் ஆட்கள், கப்பல் கம்பெனியின் நேரடி ஊழியர்கள் இல்லை. பயணிகளும் இல்லை. உயிர்காக்கும் படகில் துடுப்புப் போட மாலுமிகளுக்கு இடம் உண்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடம் உண்டு. இவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பிழைத்தவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் காசாளர் வேலை பார்த்த பெண்கள். மூன்றாமவர் போல் மோஜே என்ற பிரெஞ்சு இளைஞர், சமையலறை குமாஸ்தா. லண்டனில் நடந்த விசாரணையில் அவர் சாட்சி சொன்னார். ரெஸ்டாரண்ட் ஆட்களைக் கப்பலின் ஸ்டூவர்டுகள் மேல்தளத்துக்குப் போகவிடாமல் தடுத்து நிறுத்தினார்கள். தன்னையும் தலைமைச் சமையல்காரர் ரூசோவையும் மட்டும் விட்டார்கள். ஏன்? அவர்கள் இரண்டு பேரும் பயணிகளைப் போல உடுத்தியிருந்தார்களாம்! இறங்கிக்கொண்டிருந்த ஒரு படகில் மோஜே குதித்தார். ரூசோவையும் குதிக்கச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் உடம்பு பெருத்தவர், குதிக்க முடியவில்லை. கீழே நின்ற மற்றவர்கள் யாரும் வரவில்லை. காட்டியும் போய்ச் சேர்ந்தார்.

போட்டிருந்த சட்டையால் ஒருவன் பிழைத்தான். இந்த வாக்குமூலத்தைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதல் யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கா 1921-லும் 1924-லும் சட்டம் போட்டுக் குடியேறுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டது. மூன்றாம் வகுப்பு காலியாயிற்று. கம்பெனிகள் அந்த இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, 'டூரிஸ்ட்' என்று பேர் மாற்றி, வாத்தியார்களுக்கும் மாணவர்களுக்கும் விற்றார்கள். பேரை மாற்றுவதில் கப்பல்காரர்களை மிஞ்ச ஆளில்லை. 1936-ல் 'குவீன் மேரி' வந்தபோது அதன் மிக உயர்ந்த வகுப்புக்கே 'கேபின் கிளாஸ்' என்றுதான் பேர். அந்த வகுப்பின் பிரம்மாண்டமான சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் அட்லாண்டிக் வரைபடம். அதில் கண்ணாடியில் செய்த சின்னக் கப்பல் ஒன்று, நிஜக் கப்பல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று காட்டியபடி நகரும். அதற்கும் மேலே, பின்புறம் கடலைப் பார்த்தபடி 'வெராண்டா கிரில்'. தனிக் கட்டணம், சின்ன இடம், முன்கூட்டிச் சொல்லி வைக்காவிட்டால் இடம் கிடைக்காது. அதற்கு முந்தின வருஷம் வந்த பிரெஞ்சுக் கப்பல் 'நார்மாண்டி'யின் முதல் வகுப்புக் கூடமோ 305 அடி நீளம். வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தைவிட நீளம் என்று பெருமையடித்துக்கொண்டார்கள். அதிலேயே உச்சபட்ச அறைத்தொகுதிகள் இரண்டில் தனியாகச் சாப்பாட்டு அறையே இருந்தது.

நம் பக்கத்துக் கடலிலும் இதே கதைதான். 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்திக்கு இரண்டாம் வகுப்புச் சாப்பாட்டு மேஜையில் உட்கார உரிமை இருந்தது. ஆனால் கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது, எதில் மாமிசம் இருக்கிறது என்று கேட்கக் கூச்சம். கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் கேபினிலேயே சாப்பிட்டுக் காலம் தள்ளினார். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் போன 'ரஜூலா'வை நம் வாசகர்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள், ஏறியும் இருப்பீர்கள். 1926-ல் கட்டிய கப்பல். 5000 பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள ஒரு காலத்தில் அதற்கு அனுமதி இருந்தது. அவ்வளவு பேரும் மேல்வகுப்பு ஆட்களா என்ன? மிகப் பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் போனவர்கள். அவர்களுக்கு ஏது டைனிங் ஹால்!

1958-ல் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்தது. ஐந்து நாள் பயணம் ஒரு பொழுதில் முடிந்தது. கப்பல் கம்பெனிகளுக்குக் கிலி பிடித்துவிட்டது. குனார்டு கட்டிய 'குவீன் எலிசபெத் 2' முதலில் மூன்று வகுப்புக்கென்று திட்டமிட்டது. கட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாகக் குறைத்தார்கள். 1969 மே மாதம் முதல் பயணம் கிளம்பியபோது, பழைய வகுப்புப் பேதம் எல்லாம் போயிற்று, இது புதுக் காலத்துக் கப்பல் என்பதுதான் பேச்சு. மூன்றே வருஷம். 1972-ல் மேலே சொகுசு அறைகளைச் சேர்த்தார்கள். அந்த அறைக்காரர்களுக்கென்றே 'குவீன்ஸ் கிரில்' திறந்தார்கள். முன்வாசல் வழியே வெளியே அனுப்பிய வகுப்பு, சமையல்கட்டு வழியாக உள்ளே வந்துவிட்டது. பிறகு பல வருஷங்களுக்கு அந்தக் கப்பலில் யாரும் 'நீங்கள் எந்த வகுப்பு' என்று கேட்டதில்லை. 'எந்த ரெஸ்டாரண்டில் சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டால் போதுமே!

அதே சமயம் கரீபியன் கடலில் புதுசாகக் கிளம்பிய அமெரிக்க உல்லாசக் கப்பல்கள் நிஜமாகவே ஒரே வகுப்பாக ஓடின. ஜன்னல் இல்லாத அறைக்காரனும், பால்கனி அறைக்காரனும் ஒரே கூடத்தில் ஒரே மெனுவைச் சாப்பிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அது நன்றாகவே நடந்தது. நடுத்தரக் குடும்பங்கள் கப்பல் ஏறியது அப்போதுதான். பிறகு கப்பல்கள் பெருத்தன, நாலாயிரம் ஐயாயிரம் பயணிகள் என்று கூட்டம் சேர்ந்தது. அதிகப் பணம் கொடுப்பவர் கூட்டத்தில் நிற்க மாட்டேன் என்றார். 2008-ல் எம்எஸ்சி கம்பெனி 'யாட் கிளப்' என்று கப்பலுக்குள்ளேயே ஒரு தனிக் கப்பல் மாதிரி செய்தது. தனி ரெஸ்டாரண்ட், தனி நீச்சல்குளம். நார்வீஜியன் கம்பெனி 'ஹேவன்' என்றது. செலிப்ரிட்டி 2015-ல் சூட் பயணிகளுக்கு மட்டும் 'லுமினே' என்று திறந்தது. பேர் எல்லாம் காதுக்கு இனிமைதான்.

மகன் செலவில் நானும் என் மனைவியும் ஒரு தடவை நாலு நாள் கப்பலில் போயிருக்கிறோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். வழி தெரியாமல் ஒரு கண்ணாடிக் கதவின் முன்னால் போய் நின்று அறைச் சாவி அட்டையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், பாதி காலி. ஒரு பையன் ஓடிவந்து ரொம்ப மரியாதையாக, "சார், இது சூட் விருந்தினர்களுக்கு மட்டும்" என்றான். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "உள்ளே என்ன இட்லி சாம்பாரா போடறான்? வாங்க, அங்கே தயிர்சாதம் வெச்சிருக்கான்" என்றாள். அதுவும் நியாயம்தான். ஆனால் பாதி காலியான அந்த அறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காசுக்கேற்ற தோசை என்று இதை ஒதுக்கிவிடலாம். ரயிலில் ஏசிக்காரனும் ஸ்லீப்பர்காரனும் இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறார்கள். ரயிலில் இறங்கினால் அவரவர் வழி. கப்பலில் ஒரு வாரம் ஒன்றாக மிதக்க வேண்டும். தினமும் மூன்று வேளை, நீ இங்கே, நான் அங்கே என்று பிரிந்து போக வேண்டும். படுக்கை அறை பெரிதா சிறிதா என்பது கதவைச் சாத்தினால் வெளியே தெரியாது. சாப்பாட்டு அறை அப்படியில்லை, யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். கம்பெனிகள் பேதத்தை அங்கே கொண்டுபோய் வைத்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. பார்க்க ஆள் இல்லாவிட்டால் அதற்கு அவ்வளவு விலை கொடுப்பார்களா?

2004-ல் 'குவீன் மேரி 2' ஓட ஆரம்பித்தது. அதில் பெரிய சூட்டுக்காரர்களுக்கு 'குவீன்ஸ் கிரில்', அடுத்த படிக்கு 'பிரின்சஸ் கிரில்'. இரண்டிலும் பயணம் முழுக்க உங்களுக்கென்று ஒரு மேஜை, வந்த நேரத்துக்குச் சாப்பிடலாம். மற்ற எல்லோருக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உட்காரும் இரண்டடுக்குக் கூடம், ராத்திரிக்கு இரண்டு பந்தி. அந்தப் பொதுக் கூடத்துக்கு வைத்த பேர் 'பிரிட்டானியா'. டிக்கன்ஸ் பிணவண்டி என்று சொன்னாரே, அந்தக் கப்பலின் பேர்தான்.