திரையோரத்தில் நின்ற குரல்

பேசாப் படங்கள் ஓடிய காலத்திலும் யப்பானியத் திரையரங்குகள் மௌனமாயிருந்ததில்லை. திரையின் ஓரத்தில் 'பென்சி' எனப்படும் கதைசொல்லி நின்று, வீரனுக்கும் கிழவிக்கும் குழந்தைக்கும் தாம் ஒருவரே குரல் கொடுப்பார். பொம்மலாட்டத்துக்குப் பக்கத்தே அமர்ந்து கதை பாடும் மரபு அந்நாட்டில் முன்னரே வேரூன்றியிருந்தமையால், மக்களுக்கு இது விந்தையாகத் தோன்றவில்லை. நடிகர் யாரென்று கேளாது, பேசுபவர் யாரென்று கேட்டுச் சீட்டு வாங்கினோரும் உளர். 1917இல் தோக்கியோ நகரில் பென்சிகளுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட்டது. குரலின் வலிமையை ஆள்வோரும் அறிந்திருந்தனர் போலும்!

பின்னர் பேசும் படம் வந்தது. 1932இல் பென்சிகள் வேலைநிறுத்தம் செய்தனர்; பயன் விளையவில்லை. அதனை முன்னின்று நடத்திய ஹெய்கோ குரோசாவா அடுத்த ஆண்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் படங்களின்பால் ஈர்த்துவிட்ட தம்பியே, பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய இயக்குநர் அக்கிரா குரோசாவா.

முசெய் தொக்குகவா என்பவர் வேறு வழி கண்டார். 'கனவுக் குரல்' என்பதே முசெய் என்னும் அப்புனைபெயரின் பொருள். திரையரங்கை இழந்த அவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். மியாமோத்தோ முசாசி என்னும் வாள்வீரனின் கதையை 1939இல் வானொலியில் வாசிக்கத் தொடங்கினார். அங்கே திரையில்லை, படமுமில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அவர் விட்ட மௌனத்துக்கும் மக்கள் செவிசாய்த்திருந்தனர்.