வாங்க வண்டி இல்லாத நாளில் வந்த வரிச்சலுகை

1989-இல் நார்வேயின் சுற்றுச்சூழல் அமைப்பான பெலோனா, பேட்டரியில் ஓடும்படி மாற்றப்பட்ட ஒரு பியட் பாண்டா காரை நாட்டுக்குள் கொண்டுவந்தது. அமைப்பின் தலைவர் பிரடெரிக் ஹௌகேவுடன் கைகோத்தவர்கள், 'ஆ-ஹா' இசைக்குழுவின் மார்ட்டன் ஹார்கெட்டும் மேக்னே ஃபுருஹோல்மெனும். புகை கக்காத வண்டிக்கு எதற்குச் சுங்கம் என்று கேட்டு, சாவடிகளில் பணம் கட்ட மறுத்தார்கள். அபராதம் ஏறியது. வண்டி பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது. சொற்ப விலைக்கு ஏலம் எடுத்து, மறுபடியும் சாவடிப் பக்கமே ஓட்டிப் போனார்கள்.

அரசு ஒரேயடியாக இறங்கிவரவில்லை, படிப்படியாக வந்தது. 1990-இல் மின்கார்களுக்கு இறக்குமதி, பதிவு வரிகள் தற்காலிகமாக நீக்கப்பட்டன. 1996-இல் அதுவே நிரந்தரமானது. 1997-இல் சுங்கக் கட்டணம் போனது. 1999-இல் நகராட்சி வாகன நிறுத்தங்களில் இலவச இடம் கிடைத்தது. 2001-இல் மதிப்புக் கூட்டு வரியும் விலகியது.

இத்தனை சலுகையும் அறிவிக்கப்பட்ட காலத்தில் வாங்குவதற்கு உருப்படியான மின்கார் கிடையாது. உள்நாட்டில் 'திங்க்' என்ற சிறு கார் தயாரானது. 1999-இல் ஃபோர்டு அதை வாங்கி, சில ஆண்டுகளில் கைவிட்டது. ஆனாலும் சலுகைகள் திரும்பப் பெறப்படவில்லை. 2010-ஐ ஒட்டி மிட்சுபிஷி ஐ-மீவும் நிசான் லீஃபும் சந்தைக்கு வந்தபோது, அவற்றை வரவேற்க நார்வேயின் சட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. இந்தப் பொறுமைதான் நார்வே செய்த பெரிய காரியம்.

விலைக் கணக்கு எப்படி மாறியது என்பதற்கு நார்வே மின்கார் சங்கம் காட்டிவந்த உதாரணம் ஒன்று போதும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் பெட்ரோல் காரின் இறக்குமதி விலை 22,046 யூரோ. அதன் மின்சார வடிவம் 33,037 யூரோ. பெட்ரோல் வண்டிமீது எடை வரி, கரியமில வாயு வரி, மதிப்புக் கூட்டு வரி எல்லாம் ஏறியதும் விலை 34,076 யூரோ ஆனது. மின்காருக்கோ பழைய வண்டிக் கழிவுக் கட்டணம் மட்டும் சேர்ந்து 33,286 யூரோ. பதினோராயிரம் யூரோ அதிகமாக இருந்த வண்டி, ஷோரூமில் மலிவான வண்டியாக நின்றது.

சார்ஜிங் வசதி தாமதமாகத்தான் வந்தது. 2009-இல் டிரான்ஸ்னோவா என்ற அரசு நிறுவனம் 5 கோடி குரோனர் ஒதுக்கி, ஏறத்தாழ 1,900 சார்ஜிங் இடங்களை அமைக்க உதவியது. பெரும்பாலும் அவை வீட்டுச் சுவரில் இருப்பது போன்ற சாதாரண பிளக் பாயிண்டுகள். இரவு முழுக்க நிறுத்தினால்தான் பேட்டரி நிறையும். 2015 முதல் எனோவா என்ற அரசு நிறுவனம், முக்கியச் சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு விரைவு சார்ஜர்கள் அமைக்க நிதி தந்தது. ஆள் நடமாட்டம் குறைந்த வடகோடி ஃபின்மார்க்கில் அந்தப் பணத்துக்கும் முதலில் நிறுவனங்கள் முன்வரவில்லை. அடுக்குமாடிவாசிகளின் சிக்கலுக்குச் சட்டமே வழி சொன்னது: 2018-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தக்க காரணமின்றி உரிமையாளரின் சார்ஜிங் கோரிக்கையைக் குடியிருப்பு நிர்வாகம் மறுக்க முடியாது.

கசப்பும் இருந்தது. பேருந்துத் தடத்தில் செல்ல மின்கார்களுக்கு அனுமதி தந்ததால், ஒஸ்லோவுக்கு மேற்கே ஈ-18 சாலையில் பேருந்துகளே நெரிசலில் சிக்கின. 2015-இல், நெரிசல் நேரத்தில் ஓட்டுநரோடு இன்னொருவராவது இருந்தால்தான் அந்தத் தடம் என்று கட்டுப்படுத்தினார்கள். வரிச்சலுகையில் அதிகப் பலன் வசதி படைத்த குடும்பங்களுக்கே போனது என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. அரசு இழந்த வருவாயைத் தாங்க எண்ணெய், எரிவாயு விற்ற பணம் இருந்தது. மலிவு மின்சாரத்துக்கு நீர்மின் நிலையங்கள் இருந்தன. இவை எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை.

2023-இல்தான் மதிப்புக் கூட்டு வரி திரும்ப வந்தது. அதுவும் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு மட்டும். 2024-இல் அங்கே விற்ற 100 புதிய கார்களில் 89 மின்கார்கள்.