குணா குகை: ஒரு மலைப்பிளவு சுற்றுலாத் தலமான வரலாறு

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானலில், தூண் பாறைக்கு அருகே அடர்ந்த சோலைக்காட்டுக்குள் அமைந்துள்ள பாறைக் குகைகள் இன்று ‘குணா குகை’ என அழைக்கப்படுகின்றன. கடவுளின் பெயராலோ அரசரின் பெயராலோ ஊர்களும் மலைகளும் வழங்கப்படுவதை நாம் அறிவோம். ஒரு திரைப்படத்தின் பெயரையே தன் பெயராகப் பெற்ற இடங்கள் மிகச் சிலவே. விருப்பமான திரைப்படம் எடுக்கப்பட்ட இடத்தை நேரில் காண மக்கள் பயணம் செய்யும் வழக்கம் ஓர் இடத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இக்குகையின் வரலாறு நல்ல சான்றாகும்.

அமைவிடமும் பழைய பெயரும்

கொடைக்கானல் நகரிலிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில் தூண் பாறை உள்ளது. ஏறத்தாழ 400 அடி உயரமுள்ள மூன்று கருங்கல் பாறைகள் தூண்களைப் போல அருகருகே நிற்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இப்பாறைகளுக்கு இடையிலும் அருகிலும் உள்ள பிளவுகளும் குழிகளுமே நாம் பேசும் குகைகள். நடந்து உள்ளே போய்த் திரும்பிவரும் சமதளக் குகை அன்று இது. மேலிருந்து செங்குத்தாகக் கீழிறங்கும் ஆழமான பிளவுகள் இங்கு உண்டு. பாசியும் ஈரமும் படிந்த பாறையில் கால் வழுக்கும். மூடுபனி இறங்கினால் குழியின் விளிம்பு எது, தரை எது என்று கண்ணுக்குப் புலப்படாது. உள்ளே வௌவால்கள் வாழ்கின்றன.

1821ஆம் ஆண்டில் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு என்னும் ஆங்கிலேய நில அளவையாளர் பழனி மலைகளை அளவாய்வு செய்தார். பெரியகுளம் பக்கமிருந்து ஏறி, வெள்ளகவி என்னும் மலைக்கிராமத்தைத் தங்குமிடமாகக் கொண்டு அவர் பணியாற்றினார். இக்குகைகளை வெளியுலகுக்கு அறியச் செய்தவரும் அவரே என்பர். பின்னர் 1845இல் அமெரிக்க மதப்பரப்பாளர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். 1863இல் வியர் லெவிஞ்சு என்னும் அதிகாரியின் முயற்சியால் ஏரி உருவானது. குடியேறிய ஆங்கிலேயர் இக்குகைகளை ‘டெவில்ஸ் கிச்சன்’, அதாவது ‘பேயின் சமையலறை’ என்றனர். பாண்டவர் வனவாசத்தின்போது இங்கே சமைத்தனர் என்னும் செவிவழிக் கதையும் வழங்குகிறது. எப்படியாயினும், அப்பெயரைக் கேட்டவர்கள் சற்று விலகியே நின்றிருப்பார்கள். அந்தப் பெயரிலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது.

திரைப்படம் தந்த பெயர்

தமிழ்த் திரையுலகின் தொடக்க காலத்தில் பெரும்பாலான காட்சிகள் படப்பிடிப்பு நிலையங்களின் உள்ளேயே எடுக்கப்பட்டன. காடும் அருவியும்கூட அட்டையிலும் சாந்திலும் உருவாயின. ஆகவே, படம் எடுத்த இடத்தைத் தேடிப் போகும் எண்ணத்துக்கு அன்று அவ்வளவாக இடமில்லை. 1970களின் பிற்பகுதியில் வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியது. 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வெளிவந்த பிறகு, உண்மையான ஊரையும் வயலையும் திரையில் காண்பதில் மக்களுக்கு விருப்பம் மிகுந்தது.

1991 தீபாவளிக்குச் சந்தான பாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ வெளியானது. இளையராஜா இசையமைத்தார், வேணு ஒளிப்பதிவு செய்தார். இப்படத்துக்கு முதலில் ‘மதிகெட்டான் சோலை’ என்று பெயர் வைத்திருந்தனர். அதுவும் கொடைக்கானல் பகுதியில் உள்ள ஒரு சோலைக்காட்டின் பெயர்தான். உள்ளே சென்றவர் திசை தெரியாமல் மதி மயங்குவர் என்பதால் வந்த பெயர் என்பர். மனநிலை பிறழ்ந்த நாயகன், தான் தெய்வமென நம்பும் பெண்ணுடன் மறைந்திருக்கும் இடமாக ‘டெவில்ஸ் கிச்சன்’ குகை படத்தில் வந்தது. நாயகன் சொல்லச் சொல்ல நாயகி கடிதம் எழுதும் பாடல் குகைக் காட்சியுடன் சேர்ந்து மக்கள் மனத்தில் பதிந்தது.

அதே தீபாவளிக்கு ‘தளபதி’யும் வெளியாகியிருந்ததால் திரையரங்குகளில் ‘குணா’வுக்குப் பெருவெற்றி கிட்டவில்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் புகழ் வளர்ந்தது. கொடைக்கானலுக்கு வருவோர் “குணா படம் எடுத்த குகை எங்கே?” என்று கேட்கத் தொடங்கினர். வாகன ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் ‘குணா குகை’ என்றே சொல்லிப் பழகினர். நாளடைவில் பெயர்ப்பலகையிலும் அதுவே நிலைபெற்றது. பேயின் பெயர் விலகச் சொன்னது; காதல் படத்தின் பெயர் வரச் சொன்னது. பிளவின் ஆழம் மட்டும் மாறவில்லை.

விபத்துகளும் தடையும்

குகையைக் காண உள்ளே இறங்கியவர்களில் பலர் தவறி விழுந்து உயிரிழந்தனர். சிலரின் உடலைக்கூட மீட்க இயலவில்லை. இதனால் குகைக்குள் செல்லத் தடை விதிக்கப்பட்டுக் கம்பித் தடுப்புகள் அமைக்கப்பட்டன. வெளியிலிருந்து பார்ப்பதற்கு மட்டுமே அனுமதி உண்டு.

2006இல் கேரளத்தின் கொச்சியை அடுத்த மஞ்ஞும்மல் என்னும் ஊரிலிருந்து நண்பர் குழு ஒன்று சுற்றுலா வந்தது. தடுப்பைக் கடந்து உள்ளே சென்றபோது ஒருவர் பிளவுக்குள் விழுந்துவிட்டார். நண்பர்களில் ஒருவர் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் கயிற்றின் துணையுடன் இறங்கி அவரை மீட்டார். இச்செயலுக்காக அவருக்கு நடுவண் அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கம் வழங்கப்பட்டது.

மீண்டும் ஒரு திரைப்படம்

அந்த நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு சிதம்பரம் இயக்கிய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளப் படம் 2024 பிப்ரவரி 22 அன்று வெளியானது. தமிழ்நாட்டிலும் மலையாளத்திலேயே ஓடிப் பெருவெற்றி பெற்றது. உலக அளவில் 200 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த முதல் மலையாளப் படம் இதுவே.

இப்படம் சொல்வது விபத்தின் கதை. தடையை மீறியதால் நேர்ந்த துன்பத்தின் கதை. ஆயினும் படம் வந்தவுடன் குகையைக் காணக் கூட்டம் பெருகியது. தடை செய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்த இளைஞர்கள் மீது வனத்துறை நடவடிக்கை எடுக்கவும் நேர்ந்தது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் நாம் காணும் குகையின் உட்புறம் பெரும்பாலும் எர்ணாகுளம் மாவட்டம் பெரும்பாவூரில் ஒரு கிடங்கில் அமைக்கப்பட்ட அரங்கு. உண்மையான குகைக்குள் அத்தனை பேரையும் கருவிகளையும் வைத்துப் படமெடுப்பது பாதுகாப்பானதல்ல என்பதால் கலைஞர்கள் அதை அப்படியே செய்து காட்டினர். ஆகவே, அந்தக் காட்சியைத் தேடித் தடுப்பைத் தாண்டுகிறவர், படம் எடுக்கப்படாத இடத்தில் தம் உயிரைப் பணயம் வைக்கிறார்.

காட்டுக்கு நேரும் கேடு

மனிதருக்கு நேரும் ஆபத்து ஒருபுறமிருக்க, காட்டுக்கும் கேடு உண்டு. குகையைச் சுற்றிலும் சோலை மரங்களின் வேர்கள் தரைமேல் பின்னிக் கிடக்கின்றன. அவற்றின்மேல் அமர்ந்தும் ஏறியும் படம் எடுக்காதவர் குறைவு. ஓயாமல் மிதிபட்டால் மண் இறுகும். மழையில் மேல்மண் அரித்துப் போகும். மழைநீரைப் பஞ்சுபோல் தாங்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுவது சோலைக்காடு. அது அழிந்தால் அடிவாரத்து ஊர்களுக்கும் இழப்பே.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 2000இல் வெளியான ‘தி பீச்’ என்னும் ஆங்கிலப் படம் தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் எடுக்கப்பட்டது. அதன்பின் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிந்ததால் பவளப் பாறைகள் சிதைந்தன. 2018 ஜூன் மாதம் அரசு அவ்விடத்தை மூடியது. 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் வரத் தடை விதித்து, வருவோர் எண்ணிக்கைக்கும் வரம்பு வகுத்தது. மூடியிருந்த காலத்தில் கருமுனைச் சுறாக்கள் அங்கே திரும்பி வந்தன.

செல்ல விரும்புவோருக்கு

சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையான கோடைப் பருவத்துக்கு, நாளொன்றுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. ஆகவே, புறப்படும் முன்பே அப்போதைய விதிகளைத் தெரிந்துகொண்டு பதிவு செய்ய வேண்டும்.

குகையைப் பார்ப்பதற்கென ஒரு முழு நாள் தேவையில்லை. காலையில் பனி விலகிய வேளையில் தூண் பாறையையும் குகைப் பகுதியையும் பார்க்கலாம். மீதி நேரத்தில் 1899இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தையும், பழனி மலையின் கற்பதுக்கைகளில் கிடைத்த பொருள்கள் உள்ள செண்பகனூர் அருங்காட்சியகத்தையும் காணலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியரும் கம்பித் தடுப்பின் முன் சிறிது நேரம் நின்று, அது ஏன் அங்கே போடப்பட்டது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தக் குகையைப் பற்றி முதலில் அறிய வேண்டிய செய்தி அதுதான்.