எண்ணெய்த் துளியும் அணுவும்

‘கண்ணால் காணாததை எப்படி ஏற்பது?’ பௌதிகம் கற்பித்த காலத்தில் மாணவர் கேட்ட இக்கேள்விக்கு ஒரு தட்டு நீரும் ஒரு துளி எண்ணெயுமே என் விடை. இன்று தொழிற்சாலைத் தரையைக் கழுவும்போதும் அவ்விடையை மாற்றத் தோன்றவில்லை.

பெஞ்சமின் பிராங்க்ளின் இலண்டன் கிளப்பம் குளத்தில் ஊற்றிய ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய அரை ஏக்கர் பரவியது. அதனை 1774இல் வெளியிட்டார். கனவளவைப் பரப்பால் வகுத்தால் தடிப்பு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு. அவர் வகுக்கவில்லை. 1890இல் றேலி பிரபு தாமே அளந்து வகுத்தார். பொருள் துகள்களாலானதெனின், படலம் ஒரு துகளின் தடிப்புக்குக் கீழே மெலியாது.

ஆயினும் இது அனுமானமே. ஜேர்மன் இரசாயன அறிஞர் ஒஸ்வால்ட் அணுவை நெடுங்காலம் மறுத்தார். தொம்சன், பெரின் ஆகியோரின் பரிசோதனைகளுக்குப் பின், 1909இல், தமது நூலின் புதிய பதிப்பு முன்னுரையிலேயே ஏற்றுக்கொண்டார். ஆதாரத்தின் முன் நிலைப்பாட்டை அச்சில் மாற்றும் அந்த நேர்மை எமது விவாதங்களில் எங்கே?