நாவலப்பிட்டிக்கு வந்த கம்பிகளும் அலைகளும்

கொழும்பிலிருந்து கண்டிக்கான புகையிரதப் பாதை 1867ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பேராதனையில் அதிலிருந்து பிரிந்து, மகாவலிப் பள்ளத்தாக்கு வழியே மேலேறிய பாதை 1874ஆம் ஆண்டின் இறுதியில் நாவலப்பிட்டியை அடைந்து அங்கேயே நின்றுவிட்டது. ஹட்டனுக்கு அது போய்ச் சேர்ந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். இடைப்பட்ட பத்து ஆண்டுகள் நாவலப்பிட்டிதான் மலைநாட்டின் கடைசி நிலையம். மேலே உள்ள தோட்டங்களின் கோப்பி மூடைகள் மாட்டு வண்டிகளில் இறங்கி வந்து இங்கேதான் பெட்டிகளில் ஏறின. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் இதே காலப்பகுதியில்தான்.

அந்த நகரில் இன்று புதிதாக ஒரு திறன்பேசியை வாங்கியவர், "இணையம் வருகிறது, போகிறது" என்று முறைப்பட்டால், அதற்கும் இந்தப் பழங்கதைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. இந்த மலைகளுக்குத் தொலைத்தொடர்பு ஒரே தடவையில் வந்து சேர்ந்ததல்ல. ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவரின் தேவைக்காக ஒரு படை போடப்பட்டது. அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பம் அதன் மேல் இன்னொரு படையாக விழுந்தது. எந்தப் படையும் எல்லா இடத்தையும் மூடவில்லை. இன்றைய கைத்தொலைபேசி இந்தப் படைகளுக்கிடையே தாவித் தாவித்தான் வேலை செய்கிறது. தாவும்போது அது எங்கே தவறி விழுகிறது என்பதை அறிந்தால், குற்றம் கருவியிலா, அட்டையிலா, கோபுரத்திலா என்பதையும் கண்டுகொள்ளலாம்.

இலங்கையின் முதலாவது தந்திக்கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் இழுக்கப்பட்டது. மலைநாட்டுக்கும் பின்னர் கம்பி வந்தது. மலைநாட்டின் ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாமலிருக்க, நிலையங்களில் டயர் என்பவரின் பெயரால் வழங்கும் வில்லைப் பொறிகள் வைக்கப்பட்டன. அடுத்த நிலைய அதிபர் தன் பொறியிலிருந்து மின்சமிக்ஞை அனுப்பினால்தான் இந்த நிலையத்துப் பொறியிலிருந்து வில்லை வெளியே வரும். வில்லை கையில் கிடைத்தால்தான் சாரதி வண்டியை எடுக்கலாம். இடையில் கம்பி அறுந்தால், இயந்திரத்தில் கோளாறில்லை, நீராவியும் இருக்கிறது, ஆயினும் முறைப்படி வண்டி நகராது. இணையத்தைப் பற்றிப் பேசப் புகுந்தவன் நிலைய அதிபரிடம் போய் நிற்பதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய தரவுத் தொடர்பும் இதே கதைதான்: கருவி, கோபுரம், கோபுரத்துக்குப் பின்னாலுள்ள இணைப்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று விடை சொன்னால்தான் வண்டி நகரும்.

தோட்டத் தொழிலாளருக்கு இந்தக் கம்பிகள் எதுவும் நேரடியாகச் சொந்தமாகவில்லை. லயத்துக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்தைத் தாண்டித்தான் வந்தது. தந்தி என்றால் சாவுச் செய்தி என்பது லயத்து வழக்கு. தொலைபேசி துரையின் பங்களாவில் இருந்தது. இந்த நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது என்பதை மறந்துவிட்டு, மலையகத்தார் தொழில்நுட்பத்தில் பின்தங்கியவர்கள் என்று எழுதுவோரைக் காணும்போது எனக்குச் சினம் வருவதுண்டு.

இணையம் இந்தப் பகுதிக்கு வந்த விதம் விநோதமானது. தரவு பெறும் கைத்தொலைபேசிகள் பரவுவதற்கு முன்னரே அது வந்துவிட்டது, அதுவும் வானொலி வழியாக. மகாவலித் திட்டத்தின் சமூக வானொலி முயற்சியிலிருந்து பிறந்து, கொத்மலைப் பகுதியின் மாவத்துரவில் 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் ஓர் இணையத் திட்டத்தைத் தொடங்கியது. நேயர்கள் தபாலிலோ தொலைபேசியிலோ கேள்வி அனுப்புவர். அறிவிப்பாளர்கள் விடயமறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடி, கிடைத்ததை ஒலிபரப்பிலேயே உள்ளூர் மொழியில் சொல்வர். நேரில் வந்து கணினியில் அமர விரும்புவோருக்காகக் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொது நூலகங்களில் இணைப்பு ஏற்படுத்தப்பட்டது. உலகின் பல நாடுகளில் யுனெஸ்கோ பின்னர் அமைத்த சமூகப் பல்லூடக மையங்களுக்கு இதுவே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. நாவலப்பிட்டி நூலகத்தின் பெயர் உலக ஆய்வுக் கட்டுரைகளில் ஏறியது இப்படித்தான்.

அந்த வானொலி நிலையத்துக்கு வழங்கப்பட்ட இணைப்பின் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் 200 கிலோபைட் அளவுள்ள சாதாரண நிழற்படம் ஒன்றை அந்த இணைப்பில் இறக்கினால், வேறெவரும் பயன்படுத்தாதபோதும் 25 விநாடிகள் செல்லும். அதை ஒரு பிரதேசமே பகிர்ந்துகொண்டது. அப்போது குறைகூறியவர்கள் குறைவு. இல்லாதிருந்த ஒன்று வந்திருந்தது.

கைத்தொலைபேசியின் வரலாறு இதற்குச் சமாந்தரமாக ஓடியது. தெற்காசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவையை 1989இல் இலங்கையில் தொடங்கியது செல்டெல். மொபிடெல் 1993இல் வந்தது. 1995இல் டயலொக் ஜிஎஸ்எம் முறையிலான இலக்கச் சேவையைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் முதலில் கொழும்பின் வர்த்தகர்களுக்கானவை. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிடிஎம்ஏ எனும் கம்பியில்லா நிலையான தொலைபேசிகள் லயங்களுக்குள் நுழைந்தன. பல குடும்பங்களுக்கு அதுதான் முதலாவது சொந்தத் தொலைபேசி எண். 2006இல் டயலொக் 3ஜி சேவையைத் தொடங்கியது. 2013இல் 4ஜி வந்தது.

இனிக் கோளாறுகளுக்கு வருவோம். அண்மையில் நாவலப்பிட்டியிலிருந்து எனது சகோதரியின் மகன் அழைத்தான். "மாமா, போன் புதுசு. கோடு நாலும் நிக்குது. ஆனா சுத்திக்கிட்டே இருக்கே தவிர ஒண்ணுமே வர மாட்டேங்குது" என்றான். கடைக்காரர் கருவியை மாற்றித் தர மறுத்துவிட்டாராம். பழைய சிம் அட்டையையா போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். ஆம், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியது, புதிய கருவியின் சிறிய வாய்க்குள் பொருந்துமாறு வெட்டிப் போட்டது என்றான்.

பாதி விடை அதிலேயே இருந்தது. 2ஜி காலத்து சிம் அட்டைகள் பலவற்றில் 4ஜி வலையமைப்பு தன்னை அடையாளங்காணக் கேட்கும் நிரல் கிடையாது. அத்தகைய அட்டையை எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் போட்டாலும் 4ஜி என்ற எழுத்து திரையில் தோன்றாது. நிறுவனத்தின் கிளைக்கு அடையாள அட்டையுடன் சென்றால் எண் மாறாமல் அட்டையை மட்டும் மாற்றித் தருவார்கள். அவன் மாற்றினான், 4ஜி வந்தது. ஆனால் அழைப்பு வரும்போதெல்லாம் இணையம் நின்றது.

இது அடுத்த படையின் கதை. 4ஜி வலையமைப்பு தரவுக்காகவே வடிவமைக்கப்பட்டது. பழைய முறையில் குரலைச் சுமக்கும் வழி அதில் இல்லை. ஆகவே குரலையும் தரவாக மாற்றி அனுப்பும் வோல்ட்டி என்ற ஏற்பாடு வந்தது. கருவியில் அது இயக்கப்பட்டிருக்க வேண்டும். நிறுவனமும் அந்தக் கருவி வகையை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையேல், அழைப்பு வந்தவுடன் கருவி 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிவிடும். 3ஜி அணைக்கப்பட்ட இடங்களில் 2ஜி ஒன்றே கதி. அதில் பேச்சு நடக்கும்போது தரவு பெரும்பாலும் உறங்கிவிடும். பேச்சு முடிந்த பின்னும் சில கருவிகள் மேலே ஏற மறந்து 2ஜியிலேயே கிடக்கும். விமானப் பயன்முறையை இட்டு எடுத்தால் சரியாகிறது என்று பலர் கண்டுபிடித்திருப்பதன் காரணம் இதுதான்: கருவி வலையமைப்பில் புதிதாகப் பதிவுசெய்து கொள்கிறது. இரண்டு சிம் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு சிம்மில் பேசும்போது மற்றதன் தரவு நிற்பது பல கருவிகளின் இயல்பு, பழுதன்று.

வளைகுடாவிலிருந்தோ மேற்கு நாடுகளிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த கருவியானால் அலைவரிசையையும் பார்க்க வேண்டும். இலங்கையின் 4ஜி சேவையில் 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு முக்கிய இடம் உண்டு. நகரத்தில் இதை மட்டும் பிடிக்கும் கருவி ஒழுங்காக இயங்கும். மலையில் கதை வேறு. அலையின் அதிர்வெண் குறையக் குறைய அது மலை விளிம்பைச் சுற்றி வளைந்து, மரச்செறிவைக் கடந்து செல்லும் ஆற்றல் கூடும்; 900 மெகாஹேர்ட்ஸ் போகும் இடமெல்லாம் 1800 போகாது. தாழ்ந்த அலைவரிசை 4ஜியைப் பிடிக்காத கருவி, பக்கத்து வீட்டுக் கருவி இயங்கும் அதே திண்ணையில் ஊமையாகக் கிடக்கும். வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாகக் கைத்தொலைபேசி கொண்டுபோகும் அன்பர்கள், அதன் நிறத்தைத் தெரிவு செய்யுமுன் இதைப் பார்ப்பது நல்லது. அத்துடன், வேறு நாட்டு அமைப்புகளோடு வந்த கருவியில் ஏபிஎன் எனப்படும் அணுகுமுனைப் பெயர் தவறாக இருந்தால், கோடு நான்கும் நிற்கும், அழைப்பும் வரும், தரவு மட்டும் வராது. அந்தக் கோடுகள் காட்டுவது கோபுரம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான். கோபுரத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது கோடுகளுக்குத் தெரியாது.

பின்னால் என்ன நடக்கிறது? நாவலப்பிட்டி ஆற்றுப் பள்ளத்தில் அமைந்த நகரம். சுற்றியுள்ள மேடுகளில் நிற்கும் கோபுரங்கள் சில நிலத்தடி இழைக் கம்பியாலும் சில நுண்ணலைத் தட்டுகளாலும் வெளியுலகோடு இணைகின்றன. தட்டுக்குத் தட்டு நேர்பார்வை வேண்டும். இலங்கையிலேயே மிகக் கூடுதலாக மழை பெய்யும் இடங்களான வட்டவளையும் கினிகத்தேனையும் இதன் அயல்தான். உயர் அதிர்வெண்ணில் இயங்கும் இணைப்புகளைக் கடும் மழை மங்கச் செய்யும். மாலை ஏழு மணிக்குப் பிறகு மட்டும் வேகம் குறைந்தால் அது நெரிசல். மழையோடு குறைந்தால் பின்னிணைப்பு. மின்வெட்டு தொடங்கிச் சில மணி நேரத்தில் போனால் கோபுரத்தின் மின்கலம்.

சில வேளைகளில் காரணம் இவற்றில் எதுவுமில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் நடந்தபோது, கண்டி மாவட்டத்தில் இணையம் அரசாங்க உத்தரவால் கட்டுப்படுத்தப்பட்டது. பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியன நாடெங்கும் தடுக்கப்பட்டன. வன்செயல் நடந்த இடத்திலிருந்து தொலைவிலிருந்த நாவலப்பிட்டியும் அதே மாவட்டம்தான். அந்த நாட்களில் புதிய கைத்தொலைபேசி வாங்கிய ஒருவர் எத்தனை முறை அதை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்? 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. டீசலும் கிடைக்காத நேரம் அது. கோபுரங்கள் எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

இவற்றுக்கிடையே கொவிட் வந்தது. பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைத்தொலைபேசிக்கு மாறின. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டு வழியே மலையுச்சிப் பாறைக்கு ஏறிச் சென்று சமிக்ஞை தேடிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அங்கே இல்லாதிருந்தது கோபுரம். எந்த ஏபிஎன்னை மாற்றியும் பயனில்லை. கோபுரம் கட்டுவதற்கு நிறுவனம் போடும் கணக்கில் ஒரு பள்ளத்தாக்கின் வருமானம் நிற்கும். பள்ளத்தாக்கின் பிள்ளைகளின் எண்ணிக்கை நிற்காது. புகையிரதம் பத்தாண்டுகள் நாவலப்பிட்டியில் நின்றதும் இதே மாதிரியான கணக்கால்தான் என்பது எனது துணிபு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மண்சரிவுகளோடு மலைநாட்டைத் தாக்கியபோது, கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. வீதியும் புகையிரதப் பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அறுந்தன. வெளிநாடுகளிலிருந்த உறவினர்கள் அழைத்து அழைத்துப் பார்த்து, உயிரோடிருக்கிறார்களா என்பதைக்கூட அறியமுடியாமல் தவித்தார்கள்.

சாதாரண நாட்களில் முறைப்பாடு செய்யப் போவோர் வெறுங்கையோடு போகக் கூடாது. அதே நிறுவனத்தின் அட்டை போட்ட இன்னொரு கைத்தொலைபேசி அதே இடத்தில் இயங்குகிறதா, தமது அட்டை இன்னொரு கருவியில் இயங்குகிறதா என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிட வேண்டும். இரண்டாவது கருவியும் முடங்கினால் பழுது வலையமைப்பில். திகதி, நேரம், இடம், திரையில் தெரிந்த எழுத்து 4ஜியா 2ஜியா என்பவற்றை ஒரு கிழமைக்கு எழுதிவைத்து நிறுவனத்திடம் கொடுத்து, முறைப்பாட்டு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் அந்த எண்ணுடன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். சகோதரியின் மகன் தன் லயத்து வரிசையில் ஆறு வீடுகளின் குறிப்புகளை ஒரே அப்பியாசக் கொப்பியில் சேர்த்துக்கொண்டிருக்கிறான்.